மெதுவாகச் சாப்பிட்ட விருந்தாளி

செய்தியைக் கொண்டுவந்தவர் கம்போங் செட்டிப் பெரியவர் நாய்க்கர். வாப்பாவின் துணிக்கடைக்குள் அவர் ஒருநாளும் காலெடுத்து வைத்ததில்லை. அன்று காலை மழைக்கு ஒதுங்கியவர்போலக் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். மழை விட்டு வெகுநேரம் ஆகியிருந்தது. நான் மாடியிலிருந்து இறங்கி வந்ததும், "மிஸ் பிள்ளை சுடா தக் அடா, டிக்," என்றார். மலாயில் சாவை அப்படித்தான் சொல்வார்கள். இனி இல்லை. எப்போது என்று கேட்டேன். நேற்றுச் சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரம் என்றார். போகத் திரும்பியவர் நின்று, "காரியம் எல்லாம் முடியட்டும். அப்புறம் உன்கிட்ட ரெண்டு விஷயம் கேக்கணும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவரை அறிந்த உங்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் பலர் எங்கள் பள்ளியில் அவரிடம் ஆங்கிலம் படித்தவர்கள். சிலர் காஜா பெராங்கில், கம்போங் செட்டியில், அவர் வீட்டுக்கு அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள். தெய்வானை பிள்ளை என்ற முழுப்பெயரை நீங்கள் கேட்டிருக்கமாட்டீர்கள். எல்லாருக்கும் அவர் மிஸ் பிள்ளை. நான் மட்டும் அக்கா என்று கூப்பிட்டேன். அவர் என்னை டிக் என்றார், தங்கச்சி என்று.

அவரால் படிக்க முடியாத மொழியில் இதை எழுதுகிறேன் என்பது உறுத்துகிறது. பல தலைமுறைக்கு முன் இங்கே வந்து குடியேறிய செட்டிகளின் வீடுகளில் பேசுவது மலாய். தமிழில் அக்காவுக்குத் தெரிந்தவை சாமி பெயர்களும் சமையல் சொற்களும் உறவுமுறைகளும்தான். நான் தமிழில் நோட்டுப்புத்தகம் எழுதுவதை ஒருநாள் பார்த்துவிட்டு, "என்னைப் பத்தி எழுதுறதா இருந்தா இதுலயே எழுது லா. திட்டினாலும் எனக்குத் தெரியாது," என்றார். அவரும் நாய்க்கரும் மலாயில் சொன்னவற்றை, நாம் வீட்டில் பேசுகிற தமிழில் இங்கே தருகிறேன்.

நான் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்த முதல் வாரம், இடைவேளையில், வருகைப் பதிவேட்டுக்குப் பின்னால் ஒரு நாவலை மறைத்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். யாரிடமும் பேசாமல் இருக்க அது நல்ல வழி. பக்கத்தில் யாரோ நிற்பது தெரிந்தது. அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. புத்தகத்தைப் பார்த்தார்.

"அவளா? மூணாவது அத்தியாயம் வந்துட்டியா?"

"வந்துட்டேன்."

"அழுதியா?"

"இல்லை."

"பொய்," என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டார்.

அழுதிருந்தேன். அதை எழுதியவள் பெயர் ஆக்னஸ் தார்ன்லோ. இங்கிலாந்தில் ஒரு மீன்பிடித் துறைமுகத்தில் பிறந்து, அங்கேயே வாழ்ந்து, கல்யாணம் செய்யாமல், பிள்ளை இல்லாமல், நூறு வருடத்துக்கு முன் இறந்தவள். ஐந்து நாவல்கள் எழுதினாள். எல்லாம் கப்பலில் போனவர்களின் மனைவிகளைப் பற்றியவை. மூன்றாவது அத்தியாயத்தில் ஒரு பெண், திரும்பி வராத கணவனுக்குப் பிறந்தநாள் அன்று தட்டு வைக்கிறாள். அவனுக்குப் பிடித்த மீனைச் சுட்டு வைத்து, அறைக் கதவைச் சாத்திவிட்டு, வெளியே படியில் உட்கார்ந்து காத்திருக்கிறாள். அவ்வளவுதான் அந்த அத்தியாயம்.

அக்காவுக்கு அவள்மேல் இருந்த பிரியத்துக்கு அதுதான் காரணம். செட்டிகளின் பார்ச்சு என்ற படையலும் ஏறக்குறைய அதுதான். போகி அன்றும் பழக்காலத்திலும் இறந்தவர்களுக்கு இலை போடுவார்கள். ஒவ்வொருவர் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டு, அவரவருக்குப் பிடித்ததைப் பரிமாறி, கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்துவிடுவார்கள். ஒரு வெற்றிலை மென்று முடிகிற நேரம் காத்திருந்து, மூன்று தட்டுத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். அதுவரை வீட்டில் யாரும் ஒரு வாய் உண்ணக்கூடாது. சமைப்பவள் உப்புக்கூடப் பார்க்கக்கூடாது. "கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரிக்கு இது எப்படித் தெரிஞ்சுச்சு?" என்று அக்கா பலமுறை கேட்டிருக்கிறார். பிறகு, "அவளுக்கு யார் இலை போட்டா?" என்பார்.

அதனால் அவரே போட்டார். மார்ச்சில் அவள் பிறந்தநாள் அன்று, நாவல்களில் வரும் பண்டங்களைச் சமைத்து, ஓர் இலை அவளுக்கு, மற்றவை விருந்தினருக்கு. விருந்தினர் என்றால் வேறு யார், ராஜம்மா டீச்சர். புக்கிட் காதில் என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்டத்துக் கங்காணியின் மகள். கணக்கு எடுப்பவர், நாவல் என்றால் கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பவர். "யார் செத்தா, யார் கட்டிக்கிட்டானு தெரிஞ்சா போதும். நடுவுல பேசறதெல்லாம் எனக்கு எதுக்கு?" என்பார். ஆனால் ஒரு வருடமும் விருந்துக்கு வராமல் இருந்ததில்லை.

போருக்கு முந்தைய வருடம் நானும் போனேன். அங்கே ஹெர்ரிங் என்று ஒரு மீன் உண்டாம், அதை மாவு மூடி போட்டுச் சுடுவார்களாம். இங்கே பாராங் மீனை வைத்துச் செய்தார்கள். கூஸ்பெரி என்ற பழத்தின் டார்ட்டுக்குக் கொல்லைப்புறத்துப் பெலிம்பிங் காய், பல் கூசுகிற புளிப்பு. இறந்தவர்களுக்குப் படைத்ததை நான் சாப்பிடமாட்டேன் என்பதை எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன். சொல்ல வேண்டியிருக்கவில்லை. அடுப்படியில் எனக்கென்று ஒரு தட்டைப் படையலுக்கு முன்பே எடுத்து, பீங்கான் கிண்ணத்தால் மூடி வைத்திருந்தார். "உன் பங்கு இலைப் பக்கமே போகலை. நீ தைரியமா சாப்பிடு," என்றார். அவர் வீட்டு முறைப்படி அது எவ்வளவு பெரிய குற்றம் என்று அன்று எனக்குத் தெரியாது.

பிறகு ஜப்பான்காரர்கள் வந்தார்கள்.

அந்த நாட்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆங்கிலப் புத்தகம் வைத்திருந்தவர்கள் எரித்தோம். வாப்பா என்னுடையவற்றைக் கடையின் பின்புறம் தகர டின்னில் போட்டு எரித்தபோது என்னைப் பார்க்கவில்லை, நானும் அவரைப் பார்க்கவில்லை. பக்கத்து ஆண்கள் பள்ளியில் பாட்டு சொல்லித்தந்தவரை வானொலி கேட்டார் என்று கொண்டுபோனார்கள். அவர் திரும்பி வரவில்லை. யார் காட்டிக்கொடுத்தார்கள் என்பது இன்றுவரை தெரியாது. கம்போங் செட்டிக்கும் அதையொட்டிய தெருவுக்கும் காவல் பொறுப்பு நாய்க்கருக்கு. கையில் பட்டை கட்டியிருப்பார். எந்த வீட்டில் யார் தங்கினார்கள், எங்கே ஆள் கூடினார்கள் என்று தினமும் இராணுவப் போலீசுக்கு எழுதிக் கொடுப்பது அவர் வேலை. நாங்கள் அவரைத்தான் சந்தேகித்தோம்.

அக்கா தன் ஐந்து நாவல்களையும் எரித்துவிட்டதாகத்தான் எல்லாரிடமும் சொன்னார். அரிசிச் சாடியில் இருந்தன. அரிசியே இல்லாத காலத்தில் அரிசிச் சாடியை யார் திறந்து பார்க்கப் போகிறார்கள்? எனக்கு மட்டும் காட்டினார். நான் அன்றிரவெல்லாம் தூங்கவில்லை. காட்டாமல் இருந்திருக்கலாமே என்று அவர்மேல் கோபம்கூட வந்தது.

முதல் வருடம் மார்ச் மாதம் பேச்சில்லாமல் போயிற்று. இரண்டாம் வருடம், நாங்கள் மூவரும் ஜப்பானிய எழுத்துகளை எழுதிப் பழகும் வகுப்பில் உட்கார்ந்திருந்தபோது, பலகையைப் பார்த்தபடியே அக்கா சொன்னார்:

"வியாழக்கிழமை நாலு மணி. ராஜம்மா, நீ கஞ்சி. மீனும் டார்ட்டும் நான்."

"உனக்கென்ன பைத்தியமா, தெய்வா?" என்றார் ராஜம்மா. "மூணு பேர் சேர்ந்து நின்னாலே கேக்கறான். உன் வெள்ளைக்காரிக்குப் பிறந்தநாளாம்!"

"போன வருஷம் அவ பட்டினி."

"செத்து நூறு வருஷம் ஆச்சு. ஒரு வருஷம் சாப்பிடலைனா இளைச்சாப் போவா?"

"நாய்க்கர் மாமாவையும் கூப்பிட்டிருக்கேன்."

ராஜம்மாவின் பென்சில் நின்றுவிட்டது. அக்கா ஓர் எழுத்தை நிதானமாக முடித்துவிட்டுச் சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை. "சொல்லாம செஞ்சா அது கூட்டம். அவரையும் கூப்பிட்டுச் செஞ்சா விசேஷம். தூரத்துப் பெரியம்மாவுக்குப் பார்ச்சுனு சொல்லியிருக்கேன்."

வியாழக்கிழமை நான் போவதாக இல்லை. மூன்று மணிக்கு முக்காட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். ஏன் என்று இப்போதும் சரியாகச் சொல்ல முடியவில்லை. அவர் எனக்கென்று எடுத்துவைத்திருக்கும் தட்டு அப்படியே இருக்குமே என்ற நினைப்பு வந்தது. அந்த மாதங்களில் என்னை யாரும் எங்கும் எதிர்பார்த்திருக்கவில்லை.

கோதுமை மாவு இல்லை, மரவள்ளி மாவில் மூடி. வெண்ணெய் இல்லை, செம்பனை எண்ணெய். பாராங் மீனுக்குப் பதில் ஊறவைத்த கருவாடு. பெலிம்பிங் மட்டும் பழையபடி, மரம் நிறைய. போட்ட வெல்லம் ஒரு விரல்நகம் அளவுதான். உள்ளறையில் நான்கு இலைகள் விரித்து, விளக்கு ஏற்றித் தயாராக இருந்தது.

நாய்க்கர் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். கையில் பட்டை. போன மாதம் ஏதோ ஒரு வீட்டை எழுத விட்டுப்போனதற்காகச் சந்தியில் எல்லார் முன்னாலும் அவரை அறைந்திருந்தார்கள். அந்தப் பக்கத்துக் கன்னத்தைத் தடவிக்கொண்டே பேசுவது அதற்குப் பிறகு அவருக்குப் பழக்கமாகிவிட்டது. இலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"போகி முடிஞ்சு ரெண்டு மாசம். பழத்துக்கு இன்னும் நாள் இருக்கு. இப்ப என்ன பார்ச்சு?"

"பிறந்தநாள், மாமா."

"செத்தவங்களுக்குப் பிறந்தநாளா?" குனிந்து மீனைப் பார்த்தார். "இது என்ன?"

"மீன்."

"மீனுக்கு எதுக்குச் சட்டை போட்டிருக்கு?"

ராஜம்மா சிரித்துவிட்டு, சிரித்தது தப்போ என்று வாயைப் பொத்திக்கொண்டார். நாய்க்கர் சிரிக்கவில்லை. கை கழுவ அடுப்படிக்குப் போனார். அங்கே மரப்பலகையின்மேல், பீங்கான் கிண்ணத்தால் மூடிய தட்டு இருந்தது.

அவர் கிண்ணத்தைத் தூக்கும் சத்தம் கேட்டது. தட்டோடு வெளியே வந்தார்.

"இது யாருக்கு?"



"பூனைக்கு," என்றார் ராஜம்மா.

"பூனைக்குப் பீங்கான் தட்டா?" அவர் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "பெரியவங்க உண்ணறதுக்கு முன்னால யாருக்கு எடுத்து வச்சே, தெய்வானை? உன் அம்மா இப்படிச் செய்வாங்களா? நம்ம வீட்டுல எந்தப் பொம்பளை இப்படிச் செய்வா? இது பார்ச்சு இல்லை. இங்க என்ன நடக்குது?"

"எனக்கு," என்றேன். "அந்தத் தட்டு எனக்கு எடுத்து வச்சது."

அவர் என்னை, என் முக்காட்டை, மறுபடி தட்டைப் பார்த்தார். இன்னும் ஒரு மணி நேரத்தில் அவர் எழுதிக் கொடுக்க வேண்டிய தாள் அவர் சட்டைப் பையில் மடித்திருந்தது, நுனி வெளியே தெரிந்தது. அந்தத் தாளில் எங்கள் மூன்று பெயர்களும் ஏறினால் என்ன ஆகும் என்பது பாட்டு வாத்தியார் வீட்டுக்காரர்களுக்குத் தெரியும்.

அக்கா வேறு ஏதாவது சொல்லிச் சமாளிப்பார் என்று காத்திருந்தேன். சமாளிக்கக்கூடியவர்தான். உணவுப் பங்கீட்டு அலுவலகத்தில் அவர் சொன்ன பொய்களை நான் கேட்டிருக்கிறேன், முகம் மாறாது. ஆனால் அவர் நேரே சாடிக்குப் போய், மூடியைத் திறந்து, முதல் நாவலை எடுத்துவந்து, ஆக்னஸின் இலைக்குப் பக்கத்தில் விளக்கடியில் வைத்தார்.

"மனுஷங்ககிட்டப் பொய் சொல்லுவேன், மாமா. இலை போட்ட பிறகு சொல்ல முடியாது. இவதான் பெரியம்மா. இங்கிலீஷ்காரி. புத்தகம் எழுதினவ."

ராஜம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார். நாய்க்கர் புத்தகத்தைத் தொடவில்லை. கன்னத்தைத் தடவினார்.

"பிள்ளைங்க?"

"இல்லை."

"புருஷன்?"

"கட்டிக்கலை."

"அண்ணன் தம்பி மக்கள்? யாரும் இவளுக்குப் போடலையா?"

"நூறு வருஷமா யாரும் போடலை. அதான் நான் போடறேன்."

அக்காவுக்கும் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. அதை அந்த அறையில் இருந்த நான்கு பேரும் அறிவோம். நாய்க்கர் வெகுநேரம் இலையையே பார்த்தார். பிறகு தட்டை என் கையில் திணித்தார். "இது இந்தக் கூரைக்குக் கீழ இருக்கக்கூடாது. வெளிய கொண்டுபோ. அவ உண்டு முடிக்கிறவரை நீயும் தொடாதே." கைப்பட்டையை அவிழ்த்து விளக்கு மாடத்தில் வைத்துவிட்டு, முகம் கால் கழுவி வந்தார். "பேரைச் சொல்லு."

அக்கா சொன்னார். அவர் அதைத் தன் நாக்குக்கு வந்த விதத்தில், மூன்று முறை, உரக்கக் கூப்பிட்டார். மீன் உனக்கு, புளிப்புப் பணியாரம் உனக்கு, கஞ்சி உனக்கு, வந்து உண்டுவிட்டுப் போ. கதவைச் சாத்தினார். நாங்கள் வெளிவாசலுக்கு வந்தோம்.

அவர் முதல் வெற்றிலையை மடித்து வாயில் போட்டபோது, லாரி ஒன்று சந்தில் திரும்பி, எங்களைப் பார்த்து நின்றது.

இறங்கியவர்கள் மூவர். இரண்டு சிப்பாய்கள், மலாய் பேசும் ஒரு மொழிபெயர்ப்பாளன். நாங்கள் குனிந்து வணங்கினோம். என் கையில் மூடிய தட்டு இருந்தது, கீழே வைக்கவும் பயம். வயதில் மூத்த சிப்பாய் நாய்க்கரின் வெறும் கையைப் பார்த்தான். அவனுக்கு அவரைத் தெரிந்திருக்கிறது.

"பட்டை எங்கேனு கேக்கறார்," என்றான் மொழிபெயர்ப்பாளன்.

"உள்ளே இருக்கு, துவான்."

"எடுத்து வா."

நாய்க்கர் அசையவில்லை. அந்தப் பட்டை இருந்த இடத்திலிருந்து புத்தகம் ஒரு முழம் தள்ளி, விளக்கு வெளிச்சத்தில், அட்டையில் ஆங்கில எழுத்து மினுங்கக் கிடந்தது. கதவைப் பாதி திறந்தாலே தெரியும்.

"இப்ப திறக்க முடியாது, துவான். எங்க வீட்டுச் செத்தவங்க உள்ள உண்டுட்டிருக்காங்க. முடிஞ்சதும் எடுத்து வரேன்."

மொழிபெயர்ப்பாளன் அதைச் சொல்வதற்கே தயங்கினான். சொன்னான். சிப்பாய் நாய்க்கரை அறைந்தான், அதே கன்னத்தில். வெற்றிலை வாயிலிருந்து தெறித்துப் படியில் விழுந்தது. நாய்க்கர் குனிந்து வணங்கி, நிமிர்ந்து, கதவுக்கும் அவனுக்கும் நடுவிலேயே நின்றார்.

"எத்தனை நேரம் ஆகும்னு கேக்கறார்."

"வயசானவங்க," என்றார் நாய்க்கர். "ரொம்பத் தூரத்துலேருந்து வந்திருக்காங்க. மெதுவாத்தான் சாப்பிடுவாங்க."

சிப்பாய் ஏதோ சொல்லிவிட்டுப் படியில் உட்கார்ந்தான். காத்திருக்கப் போகிறானாம்.

நாய்க்கர் இன்னொரு வெற்றிலை மடித்தார். அதை மென்று முடித்தார். வழக்கப்படி அப்போது எழுந்துபோய்க் கதவைத் தட்டியிருக்க வேண்டும். மூன்றாவது வெற்றிலையை எடுத்துச் சுண்ணாம்பு தடவ ஆரம்பித்தார், நரம்பு கிள்ளி, நுனி கிள்ளி, அவசரமே இல்லாமல். அக்கா கண்ணை மூடியிருந்தார். ராஜம்மாவின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தாராம், சாமி பெயர் ஒன்றும் ஞாபகம் வரவில்லை என்று பின்னால் சொன்னார். நான்காவது வெற்றிலை. அவருடைய வெள்ளி வெற்றிலைப் பெட்டியில் இன்னும் இரண்டுதான் இருப்பதை நான் பார்த்துவிட்டேன்.

அப்போது சிப்பாய் என் தட்டைக் காட்டினான்.

மொழிபெயர்ப்பாளன் கேட்பதற்குள் அவனே கிண்ணத்தைத் தூக்கிவிட்டான். ஒரு துண்டு மீன், ஒரு சின்ன டார்ட்.

"இதுவும் செத்தவங்களுக்கானு கேக்கறார்."

"இல்லை," என்றார் அக்கா, கண்ணைத் திறந்து. "அது உயிரோட இருக்கறவங்களுக்கு. எடுத்துக்கச் சொல்லுங்க."

அவன் டார்ட்டை எடுத்து முழுதாக வாயில் போட்டான். ஒரு கண் மூடியது. முகம் முழுவதும் ஓரிடத்தில் சுருங்கியது. பெலிம்பிங்கை வெல்லமில்லாமல் தின்று பார்த்தவர்களுக்கு அது தெரியும். இளைய சிப்பாய் சிரித்துவிட்டான். மூத்தவன் துப்பப்போகிறான், அறையப்போகிறான் என்று நினைத்தேன். அவன் விழுங்கினான். கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவைக் காட்டி ஏதோ சொன்னான்.

"இதையா அவங்களுக்கும் வச்சிருக்கீங்கனு கேக்கறார். அப்படினா நேரம் ஆகத்தான் செய்யுமாம்."

லாரியில் இருந்தவன் ஹாரன் அடித்தான். மீன் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு அவர்கள் ஏறிப் போனார்கள். நாளைக்குப் பட்டையோடு வந்து நிற்கும்படி உத்தரவு.

லாரிச் சத்தம் தெங்கேரா பக்கம் போய் மறைந்த பிறகும் நாய்க்கர் எழவில்லை. அந்த வெற்றிலையையும் மென்று முடித்தார். பிறகு போய் மூன்று தட்டுத் தட்டினார், மிக மெல்ல. "போதுமா, பெரியம்மா?" என்று கேட்டுவிட்டுக் கதவைத் திறந்தார்.

அவர்கள் மூவரும் இலைகளில் உட்கார்ந்து உண்டார்கள். நான் வெறும் தட்டோடு நிலைப்படியில் உட்கார்ந்து, மூன்றாவது அத்தியாயத்தைத் தாழ்ந்த குரலில் படித்தேன். அக்கா மலாயில் நாய்க்கருக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். கதவைச் சாத்திவிட்டு அந்தப் பெண் படியில் உட்காரும் இடம் வந்ததும் நாய்க்கர் சாப்பிடுவதை நிறுத்தி, "முறை தெரிஞ்சவ," என்றார். அன்று அவர் தாளில் எழுதியதை அக்கா பார்த்திருக்கிறார். மிஸ் பிள்ளை வீட்டில் படையல், வந்தவர் இறந்தவர் ஒருவர். எங்கள் பெயர்கள் இல்லை.

பாட்டு வாத்தியாரைப் பற்றி நான் நாய்க்கரிடம் ஒருபோதும் கேட்கவில்லை. அக்கா கேட்டாரா என்றும் தெரியாது.

அதற்குப் பிறகு விருந்து வைக்கவில்லை, வைக்க ஒன்றும் இல்லை. போர் முடிந்து பள்ளி திறந்தபோது அக்காவுக்குக் கால் வீங்கியிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே பாடம் எடுத்தார். மாணவிகள் எழுந்து வணங்கினால், பழைய பழக்கத்தில் இடுப்பை மடித்துக் குனிந்துவிடுவார்கள். "நிமிருங்க. இனி நீங்க குனிய வேண்டியது பேனா கீழ விழுந்தா மட்டும்தான்," என்பார். உங்களில் பலருக்கு அந்தக் குரல் நினைவிருக்கும். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது, "அன்னைக்கு உன் டார்ட்டை ஜப்பான்காரன் தின்னுட்டான். கால் சரியானதும் செஞ்சு தரேன், டிக். இந்தத் தடவை வெல்லம் போட்டு," என்றார்.

காரியம் முடிந்த மறுவாரம் நாய்க்கர் மறுபடி கடைக்கு வந்தார். ஒரு சாக்குப் பையைக் கீழே வைத்தார். உள்ளே ஐந்து நாவல்களும் இருந்தன. முதல் நாவலின் அட்டையில் செம்பனை எண்ணெய்க் கறை.

"இதெல்லாம் உன்கிட்ட குடுக்கச் சொன்னா. நான் கேக்க வந்தது வேற." சட்டைப் பையிலிருந்து ஒரு தாளும் பென்சிலும் எடுத்தார். "அந்த இங்கிலீஷ்காரி பேரை மலாய் எழுத்துல எழுதிக் குடு. ஒரு தடவை இலை போட்டுக் கூப்பிட்டா, அப்புறம் விடக்கூடாது. அந்த வருஷத்துலேருந்து ஒவ்வொரு போகிக்கும் எங்க வீட்டுல அவளுக்கு ஒரு இலை உண்டு. பேரு எனக்கு நாக்குல நிக்காது. தெய்வானைதான் பக்கத்துல நின்னு சொல்லிக் குடுப்பா."

இது எனக்குத் தெரியாது. அக்கா சொல்லவே இல்லை. எழுதிக் கொடுத்தேன். ஓர் எழுத்தை அடித்துத் திருத்த வேண்டியிருந்தது.

"ரெண்டாவது," என்று கன்னத்தைத் தடவினார். "தெய்வானைக்கும் யாரும் இல்லை. நான்தான் போடணும். அவளுக்கு என்ன பிடிக்கும்? எனக்குத் தெரியலை. நீ அவகூட உக்காந்து சாப்பிட்டவ. நீ சொல்லு."

சொன்னேன். அடிப்பிடித்த சோறு, கரண்டியால் சுரண்டியது. உப்பு தொட்ட பச்சைப் பெலிம்பிங். மீன் தலை, செவுளோடு. சர்க்கரை போடாத காப்பி, தட்டில் ஊற்றி ஆற்றியது. பாதிப் பழம்; முழுதாக எதையும் தனக்கு எடுத்துக்கொள்ளமாட்டார். அவர் எல்லாவற்றையும் தன் பொடிப்பொடியான எழுத்தில் எழுதிக்கொண்டார். அதற்கு நேரமானது. வாப்பா ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

எழுந்து போகும்போது வாசலில் நின்று, தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "போகிக்கு வா. நீ இலையில உண்ணமாட்டே, எனக்குத் தெரியும். தனி அடுப்புல, தனிச் சட்டியில, உனக்கு முதல்லயே எடுத்து வைக்கச் சொல்லியிருக்கேன். வெளிய யார்கிட்டயும் சொல்லிடாதே."

தெய்வானை அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பவை ஐந்து நாவல்கள், ஓர் எண்ணெய்க் கறை, அவருக்கு என்ன பிடிக்கும் என்று மனதில் இருக்கும் அந்தப் பட்டியல். அத்தோடு, மூடி வைத்த ஒரு தட்டு. போகிக்குப் போவேன்.